ஆறு விநாடித் தமிழ்

கடந்த மாதம் மலைநாட்டு நகரொன்றில், பொது அலுவலகம் ஒன்றின் காத்திருப்புக் கூடத்தில் இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் அமர்ந்திருக்க நேர்ந்தது. கொண்டு சென்றிருந்த பத்திரிகையை பஸ்ஸிலேயே வாசித்து முடித்துவிட்டேன். எதிர்ச் சுவரில் ஒரு மின்திரை ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியின்றி அதைப் பார்க்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் பழைய தொழிற் பழக்கம் தலைதூக்கியது. எந்தச் செய்திக்கு எத்தனை அங்குலம் என்று முப்பது ஆண்டுகளாகப் பக்கங்களை அளந்த கை அல்லவா? கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து, திரையில் எதற்கு எத்தனை விநாடி என்று எண்ணலானேன்.

நான்கு நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லாம் மீண்டும் முதலிலிருந்து வந்தன. அதாவது இருநூற்று நாற்பது விநாடிகள். அவற்றில் தொலைபேசி, காப்புறுதி, வாகனக் குத்தகை விளம்பரங்களுக்கு நூற்றைம்பது. ஒரு திறப்பு விழாவின் காணொளிக்கு ஐம்பது. எஞ்சிய நாற்பது விநாடிகளில் மண்சரிவு பற்றிய பொது அறிவித்தல் மூன்று மொழிகளில் வந்தது. சிங்களத்துக்கு இருபத்து நான்கு. ஆங்கிலத்துக்குப் பத்து. தமிழுக்கு ஆறு.

எட்டு வரிகள் கொண்ட அறிவித்தலை ஆறு விநாடியில் வாசிக்க என்னால் முடியவில்லை. வாசித்தே பிழைத்தவன் நான். போதாக்குறைக்கு எழுத்துகளும் உடைந்திருந்தன. ஒற்றைக் கொம்புகள் தம் எழுத்தை விட்டு விலகி நின்றன.

அருகில் ஒரு மூதாட்டி இருந்தார். மேலே உள்ள தோட்டமொன்றிலிருந்து வந்தவர். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

“தம்பி, நடுவுல தமிழு வந்துச்சே, அதுல என்னா போட்டிருந்துச்சு?”

“முழுசா வாசிக்க முடியல்லம்மா. மறுபடி வரும். வந்ததும் சொல்றேன்.”

மூன்று சுற்று வந்த பின்னரே அந்த எட்டு வரிகளையும் பொறுக்கிச் சேர்க்க முடிந்தது. நிலத்தில் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று திடீரென வற்றுதல் அல்லது கலங்கிய நீர் வருதல்: இவை மண்சரிவுக்கான அறிகுறிகள். கண்டால் உடனே அறிவிக்கவும். இதை அவருக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“எங்க லயத்துக்குப் பின்னால மேட்டுல ஒரு வெடிப்பு இருக்கு தம்பி. வெயிலுக்கு வெடிச்சதுன்னு நெனச்சுக்கிட்டோம்.”

“ஜீ.எஸ். ஐயாகிட்ட இன்னைக்கே சொல்லுங்கம்மா.”

“ஜீ.எஸ்.கிட்டயா? தொரைகிட்டத்தானே சொல்லணும்?”

அதற்குள் அவருடைய இலக்கத்தை அழைத்துவிட்டார்கள்.

நிற்க.

இத்தகைய திரைகளைப் பொருத்திப் பராமரிக்கும் இளைஞர் ஒருவரை நான் அறிவேன். லயன் அறையில் பிறந்து, கணினித் துறையில் டிப்ளோமா முடித்தவர். அன்று மாலையே அவரைத் தேடிச் சென்றேன். என் கையில் இருந்த விநாடிக் கணக்கைப் பார்த்து அவர் வியப்படையவில்லை. பொறுமையாக விளக்கினார்.

நாம் நினைப்பதுபோல் அது தொலைக்காட்சி அன்று. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு சிறு கணினிப் பெட்டி இருக்கிறது. பிளேயர் என்பார்கள். கொழும்பிலோ வேறெங்கோ உள்ள ஒரு சேர்வரிலிருந்து அது இரண்டு பொருள்களை இறக்கிக்கொள்கிறது. ஒன்று பிளேலிஸ்ட், அதாவது எதன் பின் எது, எத்தனை விநாடி என்ற பட்டியல். மற்றது அட்டவணை: எந்தப் பட்டியல் எந்த நாளில், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எத்திரையில் என்பது. இணையத் தொடர்பு அறுந்தாலும் பெட்டி நிற்காது. கடைசியாக இறக்கி வைத்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் உருப்படிக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இடலாம். முன்னுரிமையும் இடலாம். முன்னுரிமை பெற்ற உருப்படி வந்தால் ஏனையவை விலகி நிற்கும். எது எத்தனை முறை ஓடியது என்ற பதிவும் பெட்டியிலேயே எழுதப்படும். விளம்பரதாரருக்குக் கணக்குக் காட்டுவதற்காக அந்த ஏற்பாடு.

“அப்படியானால் தமிழுக்கு ஆறு விநாடி என்று எழுதியவர் யார்?” என்று கேட்டேன்.

“யாரும் வேணும்னு எழுதல்ல சேர். புதுசா ஒரு படத்தைச் சேர்த்தா மென்பொருள் தானாவே ஒரு நேரத்தைப் போட்டுக்கும். சிங்களத்துக்கும் இங்கிலீசுக்கும் யாரோ பார்த்து மாத்தியிருக்காங்க. தமிழுக்கு மாத்தல்ல. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான்! இந்தச் சொல்லை நான் மறக்கப்போவதில்லை. வாசகர்களும் மறக்கலாகாது என்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதற்கு ஒரு தேதி இருந்தது. முன்மொழிந்தவரும் வாக்களித்தவர்களும் இருந்தார்கள். எதிர்க்க முடிந்தது, காலிமுகத்திடலில் அமர்ந்து அடிபட முடிந்தது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. மறு ஆண்டு 16ஆம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்த மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். காகிதத்தில் நமக்குக் குறை வைக்கப்படவில்லை.

ஆனால் இன்றைய மொழிச் சட்டம் வர்த்தமானியில் எழுதப்படுவதில்லை. அது பிளேலிஸ்டில் எழுதப்படுகிறது. அதற்குக் கையொப்பம் இல்லை, விவாதம் இல்லை, பொறுப்பாளியும் இல்லை. ஒருவரும் வெறுப்பினால் செய்யவில்லை, ஒருவரும் கவனிக்கவில்லை, ஆகவே ஆறு விநாடி. வெறுப்பை எதிர்த்துப் போராட நமக்குத் தெரியும். கவனியாமையை எதிர்க்க நாம் இன்னும் பழகவில்லை. எவரும் எடுக்காத தீர்மானம் என்று ஒன்று உலகில் கிடையாது. தமிழைத் திறந்து பார்த்துத் திருத்த வேண்டியதில்லை என்று ஒரு மேசையில் ஒருவர் எடுத்த தீர்மானமே அது.

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அனர்த்த எச்சரிக்கைகளைக் கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்புவதற்குப் பொது எச்சரிக்கை நெறிமுறை என்ற உலகத் தரம் ஒன்று உண்டு. ஒரே எச்சரிக்கைக்குள் எத்தனை மொழிகளுக்கும் தனித்தனிப் பகுதி வைக்க அதில் இடமிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மொழி எது என்று அனுப்புபவர் குறிப்பிடாமல் விட்டால் அது எம்மொழியாகக் கொள்ளப்படும் தெரியுமா? அமெரிக்க ஆங்கிலம்! யாரும் எழுதாத இடத்தில் தமிழ் தானாக முளைப்பதில்லை. எழுதினால்தான் உண்டு.

விளம்பரப் பலகையில் ஆறு விநாடியா பத்து விநாடியா என்பதற்கு இத்தனை ஆவேசமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களை மலைநாட்டின் மழைக்காலத்துக்கு அழைக்கின்றேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக்கு மூன்று படிகள் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐக் கடந்தால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். மலைச்சரிவில் பெய்யும் அடைமழையில் முதற் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் ஒரு பகல் இருக்கலாம். ஒரு மணி நேரம்கூட இல்லாமலும் போகலாம். காலையில் போட்ட பட்டியல் மாலைவரை மாறாமல் ஓடும் திரைக்கு இந்த மழை புரியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் பேசப்பட்டது. ஆக, எச்சரிக்கை இருந்தது. காகிதத்தில் இருந்தது. உரிய மொழியில், உரிய வேளையில், உரிய கையில், போவதற்கு ஓர் இடத்தோடு சேர்ந்து அது இல்லை.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மிகப் பெரும் விலை கொடுத்தன. தமிழில் எச்சரிக்கைகள் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற குற்றச்சாட்டு அப்போதும் எழுந்தது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. அந்த இளைஞர் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். தொடர்பு அறுந்தாலும் பெட்டி கடைசியாக இறக்கியதை ஓட்டிக்கொண்டிருக்கும். மின்பிறப்பாக்கி உள்ள கட்டடத்தில் மலை சரியும் வேளையிலும் வாகனக் குத்தகை விளம்பரம் தவறாமல் ஓடக்கூடும் என்பதே இதன் பொருள். எச்சரிக்கைக்கான பட்டியல் ஒன்றை முன்கூட்டியே அதே பெட்டிக்குள் இறக்கி வைத்திருந்தால், அவ்விடத்திலேயே ஒருவர் விசையை அழுத்தி அதை ஓடவிட முடியும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தேவையானது ஒரு பிற்பகல் வேலை.

இனி, சொல்லப்படும் சாக்குகளைப் பார்ப்போம்.

முதலாவது, விளம்பரம்தான் திரைக்குப் படியளக்கிறது என்பது. மறுக்கவில்லை. பத்திரிகைக்கும் அதுவே படியளந்தது. ஆனால் விளம்பரம் நிறைந்த நாளிலும் முதற் பக்கத்தில் தலைப்புச் செய்திக்கு இடம் இருந்தது. 2007 ஓகஸ்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து விழுந்தபோது, அங்கிருந்த வணிக மின்பலகைகள் சற்று நேரத்திலேயே விளம்பரத்தை விலக்கிச் சாரதிகளுக்கு அறிவித்தல் காட்டின. இலாபத்துக்காக நடத்தப்படும் நிறுவனம் அங்கே செய்ததை, பொதுச் சுவரில் தொங்கும் திரை இங்கே செய்யலாகாதா? இன்னொன்றும் உண்டு. தன் விளம்பரம் எத்தனை முறை ஓடியது என்று கேட்கும் உரிமை வணிகருக்கு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. தன் மொழி எத்தனை விநாடி ஓடியது என்று கேட்க அந்த மூதாட்டிக்கு எந்தப் பதிவேடு?

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பது. இந்தச் சாக்கைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. மண்சரிவு எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் புதிதாக இயற்றப்படும் காவியமா? அதே பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள்தாம். இடத்தின் பெயரும் நேரமும் படியும் மாறும். நல்ல தமிழறிந்த ஒருவர் ஒரு முறை எழுதி, தோட்டத்து மக்கள் நால்வரிடம் வாசித்துக் காட்டித் திருத்தினால், பத்தாண்டுகளுக்குப் போதும். முன்கூட்டி எழுதி வைக்காததன் விலையை ஹவாய் மக்கள் அறிவார்கள். 2018 ஜனவரி 13ஆம் திகதி ஏவுகணை வருகிறது என்ற தவறான எச்சரிக்கை அங்கே எல்லாக் கைப்பேசிகளுக்கும் போயிற்று. அது தவறு என்ற மறுப்பு அதே வழியில் வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. மறுப்புக்கான வாசகம் ஆயத்தமாக இல்லாததும் ஒரு காரணம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதுமான அதிகாரிகளுக்கே அந்தக் கதி என்றால், அடைமழை இரவில் மொழிபெயர்ப்பாளரைத் தேடுபவரின் கதி என்ன?

மூன்றாவது, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே என்பது. எல்லார் கையிலும் இல்லை. இருந்தாலும் மின்சாரம் போன மூன்றாம் நாள் அதற்கு உயிர் இல்லை. பள்ளத்தாக்கு லயன்களில் அலை எட்டாத மூலைகள் எத்தனை என்று அங்கே இரவு தங்கியவர்களைக் கேளுங்கள்.

நான்காவது சாக்கு நம்முடையது. எனவே சற்றுக் கடுமையாகச் சொல்கின்றேன். தமிழ் எழுத்து கணினியில் உடைகிறது என்கிறார்கள். ஏன் உடைகிறது? ஒருங்குறி வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் பாமினியில் தட்டெழுதி அனுப்பும் பழக்கத்தை நாம் விடவில்லை. நான் பணியாற்றிய மேசைகளும் விதிவிலக்கல்ல. பாமினியில் எழுதியதை ஒருங்குறி எதிர்பார்க்கும் திரையில் இட்டால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அதற்குப் பயந்து அறிவித்தலைப் படமாக்கி ஏற்றுகிறார்கள். படத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானாலும் மீண்டும் ஒருவரைத் தேட வேண்டும். நேரடியாக ஒருங்குறியில் இட்டாலோ, சில பெட்டிகளுக்குக் கொம்பையும் எழுத்தையும் சேர்த்து வைக்கத் தெரிவதில்லை. பெட்டியை வாங்கும்போது ஒரு வரி தமிழை ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கச் சொல்ல அங்கே ஒரு தமிழரும் இருக்கவில்லையா? இருந்திருப்பார். தம் தலைவரின் படம் சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு சொல். பிழையான தமிழ்ப் பலகைகளைப் படம் பிடித்துப் பகிர்ந்து சிரிப்பதோடு நம்மில் பலரது மொழிப்பற்று நிறைவெய்திவிடுகிறது. நானும் சிரித்திருக்கின்றேன். ஆனால் உங்களில் எத்தனை பேர் இதே மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள்! இத்திரைகளை ஓட்டக் கட்டற்ற மென்பொருள்களும் உண்டு. சிபோ அவற்றுள் ஒன்று. தமிழ் எழுத்து உடையாமல் ஓடுகிறதா என்று சோதித்து, எச்சரிக்கை வாசகங்களுக்கான வார்ப்புகளைச் செய்து, எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைப்பதற்கு அமைச்சரின் அனுமதி தேவையில்லை.

அட்டவணை பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலகத் திரைகள் காலை எட்டரைக்கு விழித்து மாலை நாலேகாலுக்கு உறங்குகின்றன. தோட்டத்து நாள் அப்படியன்று. விடியலில் பெரட்டு, பிறகு மலை, கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்குத் திரும்ப மாலையாகிவிடும். அவர்கள் டவுனுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமையிலும், பத்தாம் திகதிச் சம்பளத்தை அடுத்த நாள்களிலும். அந்நாள்களில் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் உள்ள திரைகளில் தமிழ் அறிவித்தல் கூடுதலாக ஓட வேண்டும் என்று அட்டவணை போட்டவருக்குத் தோன்றவில்லை. ஆனால் தொலைபேசி நிறுவனத்துக்குத் தோன்றியிருக்கிறது. சம்பள வாரத்தில் அதன் விளம்பரம் தமிழில், பிழையில்லாமல், முப்பது விநாடி ஓடுகிறது! விற்க வேண்டும் என்றால் தமிழ் வருகிறது. காப்பாற்ற வேண்டும் என்றால் வருவதில்லை.

ஒரு காலத்தில் விடியற்காலையில் தப்பு அடித்துத் தோட்டத்தை எழுப்பினார்கள். அதன் ஓசையைச் சி.வி. வேலுப்பிள்ளை எழுத்தில் பதிந்து வைத்தார். அது வேலைக்கு விரட்டும் ஓசை; அதைப் போற்ற நான் வரவில்லை. ஆனால் தொழிலாளியை வேலைக்கு அழைக்க வேண்டியிருந்தபோது, கடைக்கோடி லயத்துக்கும் கேட்கும்படி, அவனுக்குப் புரியும் ஒலியில், தவறாத நேரத்தில் அழைக்கத் துரைத்தனத்துக்குத் தெரிந்திருந்தது. உயிர் பிழைத்து ஓடு என்று சொல்ல மட்டும் இரு நூற்றாண்டாக நமக்கு வழி கிடைக்கவில்லையா?

நான் கேட்பவை பெரியவை அல்ல. இருமொழிப் பிரிவுகளில் பொது இடத்துத் திரை எதுவாயினும், அறிவித்தல் நேரத்தில் தமிழுக்குச் சிங்களத்தோடு சம விநாடி வேண்டும். வாசித்து முடிக்கப் போதிய விநாடி வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை மூன்று படிகளுக்கும் தமிழில் ஆயத்தமாகப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். விளம்பரத்தை விலக்கி அதை ஓடவிடும் அதிகாரம் பிரதேச செயலகத்துக்கு இருக்க வேண்டும், கொழும்பைக் கேட்டுக்கொண்டு நிற்கலாகாது. ஆபத்து நீங்கியதும் எச்சரிக்கை தானே இறங்க முடிவு நேரம் இட வேண்டும். பழைய எச்சரிக்கை வாரக்கணக்கில் ஓடினால் புதியதை எவரும் நம்பமாட்டார்கள். எழுத்து வாசிக்காதவர்களுக்காகக் குரலும் வேண்டும். திரை எட்டாத லயன்களுக்குக் கோயில் ஒலிபெருக்கியும் அதே வாசகத்தைப் பெற வேண்டும். ஒவ்வொரு மாதமும் எது எத்தனை விநாடி ஓடியது என்ற பதிவேட்டை அதே சுவரில் ஒட்ட வேண்டும். விளம்பரதாரருக்குக் காட்டும் கணக்குத்தானே, எங்களுக்கும் காட்டுங்கள்.

இந்தப் பத்தியை எழுதுவதற்கு முன் மீண்டும் அந்தக் கூடத்துக்குப் போனேன். விளம்பரங்கள் மாறியிருந்தன. திறப்பு விழாவும் வேறு. தமிழ் அறிவித்தல் மட்டும் அதே ஆறு விநாடி, அதே உடைந்த கொம்பு. அந்த மூதாட்டியின் பெயரையோ தோட்டத்தையோ அன்று கேட்டு வைக்காமல் விட்டேன். முப்பதாண்டுப் பத்திரிகையாளன் செய்யக்கூடாத பிழை. லயத்துக்குப் பின்னால் உள்ள அந்த வெடிப்பை யாரிடமாவது சொன்னாரா, சொன்னவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது மழை தொடங்கியிருந்தது.